தண்ணீர் குடிக்காதவர்களின் பணித்திருப்தி

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை, கம்பெனிகளுக்கும் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் எம்.பி.ஏ. இரண்டாமாண்டு மாணவர்கள் புராஜெக்டுக்காகக் கட்டுக்கட்டாகப் படிவங்களோடு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் நுழைவார்கள். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: ஊழியர்களின் பணித்திருப்தி. அந்தப் படிவத்தில் ‘பணியிடச் சூழல்’ என்று ஒரு பகுதி தவறாமல் இருக்கும். வெளிச்சம், காற்றோட்டம், இருக்கை, இடவசதி, கழிப்பறை என்று வரிசையாகக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஐந்து கட்டங்கள் போட்டிருப்பார்கள். மிகவும் திருப்தி என்று தொடங்கி மிகவும் அதிருப்தி என்று முடியும்.

இந்தப் படிவங்களைத் தமிழாக்கிக் கொடுப்பதையும் நிரம்பி வந்தவற்றைக் கணினியில் ஏற்றுவதையும் சில ஆண்டுகளாகப் பகுதிநேர வேலையாகச் செய்துவருகிறேன். தையல் கம்பெனிகளிலிருந்து வரும் படிவங்களில் ஒரு விஷயம் கண்ணை உறுத்தும். பெண்கள் ஏறக்குறைய எல்லா வரியிலும் இரண்டாவது கட்டத்தில்தான் டிக் போட்டிருப்பார்கள். திருப்தி, திருப்தி, திருப்தி. மேனேஜர் பார்த்துவிடுவார் என்ற பயம் என்று சொல்லி முடித்துவிடலாம். அந்தப் பயமும் உண்மைதான். ஆனால் கேட்டுக்கு வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்காக நிற்கும்போது கேட்டாலும் அதே பதில்தான் வருகிறது. பத்து வருடமாகச் சட்டைக்குக் காலர் ஏற்றிக்கொண்டிருக்கும் ஓர் அக்கா பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரை என்னோடு நடந்து வந்தார். அவரிடம் பாத்ரூம் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

“நல்லா சுத்தமா இருக்கும்மா. நான்தான் போறதில்ல.”

“போகாம எப்படிக்கா?”

“தண்ணி குடிச்சாத்தானே போகணும்?”

காலையில் வீட்டில் ஒரு டம்ளர் காப்பி. பத்தரை மணி டீயில் பாதி. மதியம் சாப்பாடு தொண்டையில் இறங்க ஒரு வாய் தண்ணீர். மீதியெல்லாம் ராத்திரி வீட்டுக்குப் போய். இதை அவர் ஒரு குறையாகச் சொல்லவில்லை. எந்த பஸ்ஸில் கூட்டம் குறைவு என்று சொல்வதுபோல, ஒரு உபாயமாகச் சொன்னார்.

அவருடைய படிவத்தில் கழிப்பறைக்கு எதிரே ‘திருப்தி’ என்றுதான் இருந்திருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. கழிப்பறை சுத்தம். ஆனால் அது தரைத்தளத்தில் இருக்கிறது, அவருடைய லைன் இரண்டாவது மாடியில். தையல் லைன் எப்படி அமைந்திருக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மெஷினுக்குப் பின்னால் மெஷினாக வரிசை. ஒருவர் காலர், ஒருவர் கஃப், ஒருவர் பாக்கெட். ஒரு கை முடித்த பீஸ் அடுத்த கைக்குப் போகும். நடுவில் ஒருத்தி எழுந்து போனால் அவள் இடத்தில் பீஸ் குவியும், அவளுக்கு அடுத்திருப்பவள் கை ஓய்ந்து உட்கார்ந்திருப்பாள். சூப்பர்வைசர் கத்தவே வேண்டாம், குவிந்து கிடக்கும் துணியே கத்தும். இத்தனையும் வடிவமைப்புதான். ஆனால் பணியிட வடிவமைப்பு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சுவரின் நிறமும் தொட்டிச் செடியும்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, கழிப்பறைகள் போதுமான எண்ணிக்கையில், வசதியான இடத்தில், தொழிலாளர்கள் ஆலையில் இருக்கும் எல்லா நேரத்திலும் சென்று வரக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சொன்னது. ‘எல்லா நேரத்திலும்’ என்ற சொல்லை எழுதியவர் யாரோ, வாழ்க. கதவு எல்லா நேரமும் திறந்துதான் இருக்கிறது. அங்கே போவதற்கான நிமிடம்தான் லைனில் எந்த இடத்திலும் இல்லை. கதவுகளை எண்ணிப் பார்க்க வரும் ஆய்வாளரால் அந்த நிமிடத்தை எண்ண முடியாது.

பெண்கள் ‘பரவாயில்லை’ என்று சொல்வதைப் பற்றி அமர்த்தியா சென் ஒரு பழைய கணக்கைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுவார். வங்கப் பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944-இல், கல்கத்தாவுக்கு அருகிலுள்ள சிங்கூரில் ஒரு கணக்கெடுப்பு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களிடமும் கணவனை இழந்த பெண்களிடமும் உடல்நலம் எப்படி என்று கேட்டார்கள். நோய் என்றோ, ‘ஏதோ இருக்கிறேன்’ என்கிற அளவில் சுமார் என்றோ சொன்ன ஆண்கள் 48.5 சதவீதம். அப்படிச் சொன்ன கைம்பெண்கள் 2.5 சதவீதம். அதிலும் ‘சுமார்’ என்று மட்டும் சொன்னவர்களைத் தனியாகப் பிரித்தால் ஆண்களில் 45.6 சதவீதம், பெண்களில் ஒருவர்கூட இல்லை. பஞ்சத்தைக் கடந்து வந்த வங்காளத்தின் விதவைகள் அந்த ஊரிலேயே மிக ஆரோக்கியமானவர்கள் என்று இதை வைத்து யாராவது முடிவுகட்டினால் சிரிப்போம். அம்பத்தூர்ப் படிவங்களில் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், பட்டை வரைபடமும் சேர்த்து.

மேலைநாட்டு ஆய்வாளர்களுக்கும் இது புதிராகவே இருந்தது. 1997-இல் பொருளியலாளர் ஆண்ட்ரூ கிளார்க் பிரிட்டனின் தரவுகளை வைத்து எழுதிய கட்டுரையின் தலைப்பே, வேலையில் பெண்கள் ஏன் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்ற கேள்விதான். சம்பளம் குறைவு, பதவி உயர்வு குறைவு, ஆனால் பணித்திருப்தி ஆண்களைவிட அதிகம். எதிர்பார்ப்பு குறைவாக இருப்பதுதான் காரணம் என்பது அவர் கண்ட விடை. இளம்பெண்கள், அதிகம் படித்தவர்கள், தொழில்முறைப் பணிகளில் இருப்பவர்கள், ஆண்கள் நிறைந்த இடங்களில் வேலை செய்பவர்கள் ஆகியோரிடம் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது. வேறு வாழ்க்கையைப் பக்கத்தில் பார்த்தவளுக்குத்தான் தன் நாற்காலி குட்டையாகத் தெரிகிறது. இதை எதிர்பார்ப்பு என்று மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த அக்காவின் சிறுநீர்ப்பையும் இதில் சேர்ந்திருக்கிறது. அறைக்கு ஏற்றபடி உடலை மாற்றிக்கொண்ட பிறகு அறை சௌகரியமாகத்தான் இருக்கும். நீர்க்கடுப்பு, அடிவயிற்று வலி, காய்ச்சல் எல்லாம் வேறு ஒரு படிவத்தில், கிளினிக் சீட்டில், வேறு யாருடைய கணக்கிலோ போய்ச் சேர்கின்றன.

மாணவிகளின் புராஜெக்ட்டில் இரண்டாவது அத்தியாயம் கோட்பாடு. அதில் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் இல்லாமல் இருக்க மாட்டார். 1959-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட நூலின் சாரம் எல்லா மேலாண்மை வகுப்பிலும் மனப்பாடமாக ஓதப்படுகிறது: சாதனை, அங்கீகாரம், பொறுப்பு போன்றவை மனிதர்களை வேலையில் திருப்திப்படுத்தும், சம்பளம், மேற்பார்வை, பணியிடச் சூழல் போன்றவை மோசமாக இருந்தால் அதிருப்தி தரும், நன்றாக இருந்தாலோ அதனால் பெரிய திருப்தி ஒன்றும் வந்துவிடாது. இந்த இரண்டாம் வகைக்கு அவர் வைத்த பெயர் ‘சுகாதாரக் காரணிகள்’. மருத்துவத்திலிருந்து எடுத்த உவமை. சாக்கடையைச் சுத்தமாக வைத்தால் நோய் வராது, அதற்காக உடம்பு பலசாலியாகிவிடாது என்பதுபோல.

அந்த முதல் ஆய்வில் அவர்கள் பேசியது பிட்ஸ்பர்க் வட்டாரத்தின் இருநூற்றுச் சொச்சம் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும். 1950-களின் அமெரிக்காவில் அந்த இரண்டு நாற்காலிகளிலும் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். கழிப்பறைக்குப் போக யாரையும் கேட்க வேண்டியிராதவர்கள், உயரத்துக்கு ஏற்ற மேசை ஏற்கெனவே கிடைத்திருந்தவர்கள். அவர்களிடம் கேட்டால் சுகாதாரம் இரண்டாம்பட்சம் என்றுதான் சொல்வார்கள். அந்தக் கோட்பாட்டை அப்படியே தூக்கிவந்து, மாதவிடாய் நாளில் நாப்கின் மாற்ற மதியம் வரை காத்திருக்கும் பெண்ணின் முன்னால் வைக்கிறோம்.

நம் நாட்டிலேயே இதற்கு நேர்மாறான ஓர் ஆவணம் உண்டு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்து 1997-இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வழங்கிய வழிகாட்டுதல்களைப் புகார்க் குழுவுக்காக மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம். வேலை, ஓய்வு, உடல்நலம், சுகாதாரம் ஆகியவற்றில் தகுந்த பணிச்சூழல் அமைய வேண்டும், பெண்களுக்குப் பகையான சூழலாகப் பணியிடம் இருக்கக்கூடாது என்றும் அது சொன்னது. ஹெர்ஸ்பெர்க்குக்கு உவமையாக இருந்த சுகாதாரம், விசாகாவில் உரிமைக்குப் பக்கத்தில் நிற்கிறது. மேலாண்மைப் பாடத்திட்டத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லும் ஒரு ஆசிரியையையாவது நான் சந்திக்க வேண்டும்.

இன்னொரு பிரபலமான கதை ஹாதார்ன். சிகாகோவுக்கு அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் தொழிற்சாலையில் 1920-களில் தொடங்கிய சோதனைகள். வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி கூடியது, குறைத்தாலும் கூடியது. ஆகவே தங்களைக் கவனிக்கிறார்கள் என்பதே மனிதர்களை உற்சாகப்படுத்துகிறது என்று பாடப்புத்தகம் சுருக்கிச் சொல்லும். 1927-இல் அங்கே ஒரு தனி அறையில் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்பட்ட ரிலே பொருத்துநர்கள் எல்லோரும் இளம்பெண்கள் என்பதை அது சொல்வதில்லை. சில மாதங்களிலேயே அவர்களில் இருவரை அறையிலிருந்து எடுத்துவிட்டு வேறு இருவரைப் போட்டார்கள். காரணம், அதிகம் பேசினார்கள். பேசியவர்களை வெளியே அனுப்பிவிட்டு மிச்சமிருந்தவர்களின் உற்சாகத்தை அளந்ததுதான் பணித்திருப்தி என்ற துறையின் பிள்ளையார் சுழி. எஸ்டேட்டில் இன்றும் ‘பேச்சுக் குறைங்க’ என்று ஒரு குரல் லைனுக்கு மேலே சுற்றிக்கொண்டே இருக்கும்.

இது தையல் கம்பெனியின் பிரச்சினை, கண்ணாடிக் கட்டடங்களில் இப்படி இல்லை என்று சொல்வீர்கள். 1960-களில் உருவான அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைகள் இருந்த மனைகள் பலவற்றில் கடந்த இருபது ஆண்டுகளில் ஐ.டி. கட்டடங்கள் எழும்பிவிட்டன. அப்படி ஒன்றில் நானும் மூன்றாண்டு வேலை பார்த்தேன், காப்பீட்டுக் கோப்புகளைச் சரிபார்க்கும் வேலை. கழிப்பறை அதே மாடியில்தான், டிஷ்யூ பேப்பரும் உண்டு. ஆனால் மே மாதம், வெளியே நாற்பது டிகிரி வெயில் கொளுத்தும்போது, உள்ளே பெண்களெல்லாம் ஸ்வெட்டர் போட்டு, துப்பட்டாவைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஆண்கள் அரைக்கைச் சட்டையில். ஏ.சி.யைக் குறைக்கச் சொன்னால் ‘சென்ட்ரலைஸ்டு மேடம்’ என்று ஒரே பதில். அது என்னமோ கடவுள் போட்ட கணக்கு என்பதுபோல.

மனிதர்கள்தான் போட்டார்கள். அலுவலக வெப்பநிலைத் தரங்கள் 1960-களில் உருவாக்கிய மாதிரி ஒன்றை அடிப்படையாகக் கொண்டவை. உட்கார்ந்து வேலை செய்யும் உடல் எவ்வளவு வெப்பத்தை வெளியிடும் என்று அந்த மாதிரி கணக்குப் போடுகிறது. அந்த உடல் நாற்பது வயது, எழுபது கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடல். போரிஸ் கிங்மா, வௌட்டர் வான் மார்க்கன் லிக்டென்பெல்ட் என்ற இரு நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2015-இல் இதைச் சோதித்து, பெண்ணுடல் வெளியிடும் வெப்பத்தை இந்தக் கணக்கு 35 சதவீதம் வரை மிகையாகக் காட்டக்கூடும் என்று எழுதினார்கள். ஸ்வெட்டர் போட்டுக்கொள்வது பெண்களின் நாசூக்கு என்று கிண்டலடித்தவர்களிடம் இந்தத் தகவலைச் சொல்ல எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தாலும் ஏ.சி. சென்ட்ரலைஸ்டுதான்.

தடுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு நீண்ட மேசைகளாகப் போடும் திறந்தவெளி அலுவலகம் இப்போது வழக்கமாகிவிட்டது. சுவர் இல்லாவிட்டால் படிநிலையும் இருக்காது, எல்லோரும் கலந்து பேசுவார்கள் என்பது அதன் வாக்குறுதி. ஈதன் பெர்ன்ஸ்டீனும் ஸ்டீபன் டர்பனும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மாறிய அலுவலகங்களில் முகம் பார்த்துப் பேசுவது எழுபது சதவீதம் அளவுக்குக் குறைந்திருந்தது. ஜனங்கள் பக்கத்து மேசைக்கே மின்னஞ்சல் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு. இங்கிலாந்தில் ஓர் உள்ளாட்சி அலுவலகம் கண்ணாடியும் திறந்தவெளியுமான புதிய கட்டடத்துக்கு மாறியபோது அலிசன் ஹர்ஸ்டும் கிறிஸ்டினா ஷ்வாபென்லாண்டும் உடனிருந்து கவனித்தார்கள். பெண்கள் எந்நேரமும் தங்களை யாரோ பார்ப்பதாக உணர்ந்தார்கள். உடுத்துவதிலும் நடப்பதிலும் கூடுதல் கவனம் வைக்க வேண்டியதாயிற்று. இதைப் படித்தபோது என் பழைய மாடியில் பிரிண்டர் வரை போகும் இருபதடி நடை நினைவுக்கு வந்தது. போகும்போது துப்பட்டாவைச் சரிசெய்யும் கை எங்கள் எல்லோருக்கும் தானாகவே எழும்பும். அந்த இருபதடிக்கு யாரும் சம்பளம் போடுவதில்லை.

மேசைக்கு முன்புறம், கால் தெரியாமல் மறைக்கும் பலகைக்கு ஃபர்னிச்சர் கடைக்காரர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? ‘மாடஸ்டி பேனல்’. நாணப் பலகை என்று தமிழாக்கலாம். பார்க்கும் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பார்க்கப்படும் காலுக்கு நாணம் வந்துவிட்டது. நவீன மேசைகளில் அதையும் எடுத்துவிட்டார்கள், அழகாகத் தெரிகிறதாம்.

உட்காரும் உரிமையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010-இல் வந்தபோது ஜவுளிக்கடைப் பெண்களின் நின்றே கழியும் வாழ்க்கையைத் தமிழ்நாடு திரையில் பார்த்து அழுதது. அழுதுவிட்டு அதே கடைகளில் தீபாவளிக்குத் துணி எடுத்தது. கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்களை, தையல் தொழிலாளியான பி. விஜி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பில் திரட்டினார். அவர்கள் முதலில் கேட்டது கழிப்பறை. அடுத்துக் கேட்டது நாற்காலி. 2018-இல் கேரளம் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு சட்டப்பேரவையில் அதே நோக்கத்துடன் ஒரு மசோதா வந்து, 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்காரக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் ஊழியர்கள் பயன்படுத்திக்கொள்ளும் வகையில் எல்லோருக்கும் தகுந்த இருக்கை வேண்டும் என்று அது சொல்கிறது.

இந்த வாசகத்தை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றினால், ஆமாம், 1948-இன் தொழிற்சாலைகள் சட்டத்தில் 44-ஆவது பிரிவு ஏறக்குறைய இதையேதான் சொன்னது. நின்றபடி வேலை செய்யும் ஆலைத் தொழிலாளிக்கு உட்கார இடம் வேண்டும் என்று நாடு ஒப்புக்கொண்டதற்கும் கடைப் பெண்ணுக்கு அதையே ஒப்புக்கொண்டதற்கும் இடையே 73 ஆண்டுகள். கடை என்பது வேலையிடமாகவே அதுவரை கண்ணில் படவில்லை போலும். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் துணிக்கடைகளில் இப்போது முக்காலிகள் வந்திருக்கின்றன. சில கடைகளில் அவற்றின் மேல் புடவைக் கட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. ‘உட்காரக் கிடைக்கும் வாய்ப்பு’ எப்போது வரும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. வாடிக்கையாளர் வாசலில் நுழையும்போது உட்கார்ந்திருந்தால் சோம்பேறி என்று நினைப்பார்கள் என்பது முதலாளியின் அச்சம். அப்படி நினைக்கும் வாடிக்கையாளர்களில் நாமும் இருக்கிறோம். நின்று வரவேற்கும் பெண்ணைத்தான் நமக்கும் பழக்கம். வீட்டிலும் அப்படித்தான், எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டிருப்பாள்.

பணியிடம் கம்பெனி கேட்டோடு முடிகிறதா? 2013-ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் முடியவில்லை என்கிறது. முதலாளி ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் அது பணியிடமாகவே கொள்கிறது. நான் இன்னும் ஓரடி தள்ளிப் பார்க்கிறேன். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் பலர் பூந்தமல்லி வட்டார விடுதிகளில் தங்கியிருந்தார்கள். 2021 டிசம்பரில் அப்படி ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சில நாட்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவெல்லாம் உட்கார்ந்தார்கள். ஓர் அறையில் ஆறு முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்ததாகவும், தண்ணீர் வராத கழிப்பறைகள் இருந்ததாகவும் ராய்ட்டர்ஸிடம் அவர்கள் சொன்னார்கள். ஆப்பிள் நிறுவனமே, ஊழியர்களின் சில தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையாக இல்லை என்று ஒப்புக்கொண்டது. ஆலை மூடி, 2022 ஜனவரியில் திரும்பத் திறந்தது.

ஆலையின் உள்ளே தூசி புகாத அறை, நிலையான வெப்பம், சரியான வெளிச்சம். போனுக்கு என்னென்ன வேண்டும் என்று யோசித்து வடிவமைத்த இடம் அது. அதே பெண் ஷிப்ட் முடிந்து போய்ப் படுக்கும் இடத்தை யாரும் வடிவமைக்கவில்லை; காண்ட்ராக்டர் பிடித்துக்கொடுத்தார். தூக்கமும் சோறும் கழிவறையும் அந்த லைனின் தொடர்ச்சி என்று நெடுஞ்சாலையில் உட்கார்ந்துதான் அவர்கள் நிரூபிக்க வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில், 18,720 பெண்கள் தங்கும் விடுதி வளாகத்தை அரசு திறந்தது. நல்லது. அந்தச் சாலை மறியலை நினைக்காமல் அந்தக் கட்டடத்தைப் பார்க்க என்னால் முடிவதில்லை. படுக்கையின் எண்ணிக்கை எல்லாச் செய்தியிலும் வந்தது. வரைபடம் போடுமுன் தங்கப்போகும் பெண்களிடம் யாராவது பேசினார்களா என்று ஒரு வரி வந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன்.

தொழிற்சங்கத் தோழர்களோடும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. சம்பளம், நிரந்தரம், ஓ.டி. பணம் என்று கோரிக்கைப் பட்டியல் போகும். கழிப்பறைக்கான நேரம், நாற்காலி, குழந்தைக் காப்பகம் எல்லாம் கடைசியில் ‘இதர’ என்ற தலைப்பின் கீழ் வரும். “முதல்ல கூலி, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா” என்று ஒரு மூத்த தோழர் என்னிடமே சொன்னார். அவர் ஹெர்ஸ்பெர்க்கைப் படித்தவர் இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில் இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். கூலி முக்கியமில்லை என்று எந்தத் தையல்காரப் பெண்ணும் சொல்ல மாட்டாள். ஆனால் அந்தக் கூலியில் எவ்வளவு ஸ்கேன் எடுக்கவும் மாத்திரை வாங்கவும் போகிறது என்று அவளிடம் கேட்டுப் பார்த்தால், இரண்டும் ஒரே கோரிக்கை என்பது தெரியும்.

2024 நவம்பரில் ஆவடிக்குப் பக்கத்தில் பட்டாபிராமில் டைடல் பூங்கா திறந்தது. 330 கோடி ரூபாய், 21 மாடி. திருநின்றவூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் ரயிலேறி நகரத்துக்குள் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே மேசை வரப்போகிறது. பயணத்தில் மிச்சமாகும் நேரமும்கூட வடிவமைப்பின் பலன்தான், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். இனி எங்கள் மாணவிகள் அங்கேயும் படிவத்தோடு போவார்கள். போன பருவத்தில் ஒரு மாணவி, நான் சொல்லாமலே, ‘இன்று வேலை நேரத்தில் எத்தனை முறை தண்ணீர் குடித்தீர்கள்?’ என்று ஒரு கேள்வியைத் தன் படிவத்தில் சேர்த்திருந்தாள். ஐந்து கட்டத்துக்குள் அடங்காத கேள்வி என்று அவளுடைய வழிகாட்டி அதை அடித்துவிட்டார். அவள் அதைப் படிவத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, வாயாலேயே கேட்டுக்கொண்டு வந்தாள். அந்தப் பென்சில் பதில்களைக் கணினியில் ஏற்றக் கட்டம் இல்லை. தனியாக ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறோம்.

பெண்கள் வடிவமைப்பாளர்கள் வரும்வரை காத்திருப்பதில்லை என்பதும் அந்த நோட்டில் இருக்கிறது. தையல் லைனில் முதுகுச் சாய்வு இல்லாத மரமுக்காலிதான் பல இடங்களில். அதன்மேல் போட்டுக்கொள்ள, வெட்டி மிஞ்சிய துணியை அடைத்து ஆளுக்கொரு மெத்தை தைத்து வைத்திருக்கிறார்கள். குட்டையானவள் மிதிக்குக் கால் எட்டப் பலகைத் துண்டு வைக்கிறாள். கண்ணாடி அலுவலகத்தில் ஏ.சி. காற்று நேரே முகத்தில் அடிக்கும் இடத்தில் அட்டைப்பெட்டி மூடியைச் செருகி வைக்கிறார்கள். எல்லாம் சொந்தச் செலவு, சொந்தக் கணக்கு, சொந்த உடம்பின் அளவு.

இந்த வட்டாரக் கம்பெனிகளில் ‘ஃபைவ் எஸ்’ என்ற ஜப்பானிய ஒழுங்குமுறைப் பலகையைப் பார்க்காமல் உள்ளே போக முடியாது. அதன் முதல் விதி, வேலைக்குத் தேவையானதையும் தேவையற்றதையும் பிரிப்பது. தேவையற்றதற்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். ஆடிட் வரும் நாளில் சூப்பர்வைசர் லைனில் நடந்து வருவார். மெஷினுக்குச் சீட்டு இல்லை, முக்காலிக்குச் சீட்டு இல்லை. முக்காலியின் மேலிருக்கும் மெத்தைக்கு உண்டு. அன்று சாயங்காலம் மெத்தைகள் டிபன் பைக்குள் மடங்கி பட்டரவாக்கத்தில் ரயிலேறும். ஆடிட் முடிந்த மறுநாள் அதே பைகளில் திரும்பி வரும்.